பறவைகளை எண்ணிய கிறிஸ்து பிறப்பு நாள்

கிறிஸ்து பிறப்பு நாளன்று காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பிய பின் மாலை வரை பொழுதை எங்ஙனம் கழிப்பது என்பது, நம் சிறு வயதில் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. சில ஊர்களில் சடுகுடு ஆடினர். சில ஊர்களில் இரவு நாடகத்திற்கு ஒத்திகை நடந்தது. எங்கள் ஊரில் இளைஞர்கள் உண்டிவில்லையும், ஒரே ஒரு வீட்டில் இருந்த காற்றுத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயினர். மார்கழி மாதத்து ஏரி கரை தொட்டு நிரம்பியிருக்கும். மடையான், உள்ளான், சிறவி, நல்லூழ் இருந்தால் ஒன்றிரண்டு பெரிய தாரா என மதியத்திற்குள் நான்கைந்து பறவைகள் கோணிப்பைக்குள் வந்துவிடும். அவற்றைச் சமைத்த சட்டியில் நமக்கும் பங்கு இருந்தது. அதனை ஒரு குற்றமாக அக்காலத்தில் எவரும் கருதவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தில் அதை எவரேனும் சொல்லியிருப்பர் என்றும் நாம் நம்பவில்லை.

இந்த நினைவு நம்மை உறுத்தத் தொடங்கியது, வேறொரு நாட்டின் கிறிஸ்து பிறப்பு நாளைப் பற்றிப் படித்தபோதுதான். அந்த நாட்டிலும் துப்பாக்கிகள் இருந்தன. நம்முடையவற்றைவிட மிகுதியாகவே இருந்தன. ஆயின் அங்கே, 1900ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், இருபத்தேழு பேர் துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டு, குறிப்பேட்டோடு புறப்பட்டனர். அன்று தொடங்கிய செயல் இன்று வரை ஓர் ஆண்டு கூட நின்றதில்லை. அதன் வரலாற்றை நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில், விடுமுறை நாட்களில், குறிப்பாகக் கிறிஸ்து பிறப்பு நாளில், 'அணி வேட்டை' என்று சொல்லத்தக்க ஒரு வழக்கம் பல ஊர்களில் இருந்தது. ஊரார் இரண்டு அணிகளாகப் பிரிவர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர். காலையில் காட்டிற்கும் வயலுக்கும் போய், எதிர்ப்பட்ட சிறகுள்ள உயிரையும் மயிருள்ள உயிரையும் சுட்டுக் கொண்டுவந்து குவிப்பர். உண்ணத்தக்கதா, உண்ணத்தகாததா என்ற வேறுபாடு கிடையாது. மாலையில் எந்த அணியின் குவியல் பெரிதோ அந்த அணிக்கே வெற்றி. இதனை வெட்கப்படத்தக்க செயலாக எவரும் மறைக்கவில்லை. வேட்டைக்காரர்களுக்கான இதழ்கள் இன்ன ஊரில் இன்ன அணி வென்றது என்று அச்சிட்டு மகிழ்ந்தன. எங்கள் ஊர்க் கோணிப்பையில் இருந்தவை பசிக்கு ஆயின என்று நாம் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வேறு கேள்வி.

அதே நூற்றாண்டின் இறுதியில் பறவைகளுக்கு வேட்டைக்காரரைவிடப் பெரிய பகை ஒன்று இருந்தது. அது தொப்பி. செல்வ மகளிரின் தொப்பிகளில் சிறகுகளும், சில வேளைகளில் பாடம் செய்யப்பட்ட முழுப் பறவைகளுமே அமர்ந்திருந்தன. இவ்வணிகத்தின் கொடுமை எங்கே இருந்ததெனில், கொக்கினங்களின் மிக அழகிய மெல்லிறகு, அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில்தான் முளைக்கிறது. ஆகவே சிறகு வேட்டைக்காரர்கள் கூட்டிலிருக்கும் தாயையும் தந்தையையும் சுட்டனர். குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் மடிந்தன. ஒரு தலைமுறைப் பறவையைக் கொல்லும்போதே அடுத்த தலைமுறையும் அழிந்தது. நம் நாட்டுக் கொக்குகளின் சிறகும் கப்பலேறி இலண்டன் ஏலச் சந்தையை அடைந்தது. 1902ஆம் ஆண்டில்தான் இந்திய அரசு பறவைத் தோலையும் சிறகையும் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது.

இந்தத் தொப்பிகளின் நடுவேதான் நம் வரலாற்றின் தலைவர் முதலில் தோன்றுகிறார். பெயர் பிராங்க் சாப்மன். 1864இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். நியூயார்க் நகர வங்கி ஒன்றில் எழுத்தர். வேலைக்குச் செல்லும் முன்னும் திரும்பிய பின்னும் பறவைகளைக் கூர்ந்து நோக்குவது அவர் வழக்கம். 1886ஆம் ஆண்டு அவர் நியூயார்க்கின் கடைத்தெருக்களில் இரண்டு முறை மாலை நடை போனார். மரங்களை அவர் பார்க்கவில்லை; எதிரே வந்த மகளிரின் தலைகளைப் பார்த்தார். 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றுள் 542 தொப்பிகளில் பறவையோ பறவையின் உறுப்போ இருந்தது. தம்மால் அடையாளம் காண முடிந்தவற்றை இனம் பிரித்தபோது, நாற்பது இனங்கள் தேறின. மரங்கொத்தியும் ஆந்தையும் ஆலாவும் நகரத் தெருவில் தலைகளின்மேல் ஊர்வலம் போவதை அவர் பட்டியலிட்டு ஓர் இதழுக்கு மடல் எழுதினார். அந்த மடலில் சீற்றம் குறைவு, எண்கள் மிகுதி. அதனாலேயே அது தைத்தது.

அதே ஆண்டு வங்கி வேலையை விட்டார். 1888இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்து, தம் வாழ்நாளை அங்கேயே கழித்தார். 1899இல் பறவை ஆர்வலர்களுக்கென ஒரு சிறு இதழைத் தொடங்கினார். இதற்கு இடையில், 1896இல், பாஸ்டன் நகரின் இரண்டு பெண்மணிகள், ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்போர், தம் தோழியரைத் தேநீருக்கு அழைத்து அழைத்தே சிறகுத் தொப்பியைக் கைவிடச் செய்யும் ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்திருந்தனர். சட்டம் வருமுன் நாகரிகம் மாறியது. நம் அன்னையர் சபைகள் மறவாது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது என்று இடையே ஒரு சொல் சொல்லிச் செல்கிறோம்.

சாப்மன் புனிதரல்லர். அருங்காட்சியகத்திற்காக அவரும் பறவைகளைச் சுட்டவரே. அக்கால ஆய்வாளர் எவரும் அதற்கு விலக்கல்லர். கையில் பறவை இருந்தாலன்றி இனம் அறிய முடியாது என்பது அக்காலத்துத் துணிபு. தொலைநோக்காடி மலிந்து, வண்ணப் படங்களோடு கையேடுகள் வந்த பின்னரே, உயிரோடு பறக்கும் பறவையை அறிவது பொதுமக்களுக்கு இயன்றது. அத்தகைய கையேடு ஒன்றைச் சாப்மனும் எழுதினார். ஆகவே துப்பாக்கியை அவர் அறியாதவராய் இருந்து பழிக்கவில்லை. அறிந்தே, அதற்கு மாற்று ஒன்றைத் தேடினார்.

1900 டிசம்பர் இதழில் அவர் வாசகர்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார். அணி வேட்டை என்னும் வழக்கத்தை விவரித்துவிட்டு, இவ்வாண்டு வேட்டையாடாமல் எண்ணுவோமா என்று கேட்டார். வேட்டையின் இன்பம் அனைத்தும் அதில் இருக்கட்டும்: விடியற்காலைப் புறப்பாடு, பனி, தோழர் கூட்டம், யார் மிகுதியாகக் கண்டார் என்ற போட்டி. குருதி மட்டும் வேண்டா. வழக்கத்தை ஒழிக்க முனைவோர் பலர் இன்பத்தையும் சேர்த்தே பிடுங்க முயன்று தோற்பதை நாம் கண்டிருக்கிறோம். சாப்மன் இன்பத்தை விட்டுவைத்தார்.

முதல் அழைப்பிற்கு இணங்கியோர் 27 பேர். எண்ணப்பட்ட இடங்கள் 25. கனடாவின் டொரன்டோ தொடங்கி கலிபோர்னியாவின் கடற்கரை வரை அவை பரந்திருந்தன. எனினும் பெரும்பான்மை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில்தான். காணப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 90. பறவைகள் ஏறத்தாழ 18,500. இன்று ஒரே ஏரியில் ஒரே மாலையில் இவ்வளவு பறவைகளைக் காண்போர் உள்ளனர். எண்ணின் பெருமையில் இல்லை இதன் சிறப்பு.

சிறப்பு, சாப்மன் கேட்ட விவரங்களில் இருந்தது. இன்ன ஊர், புறப்பட்ட மணி, திரும்பிய மணி, வானிலை, காற்று எத்திசையிலிருந்து, எவ்வளவு குளிர் என்பவற்றை முதலில் எழுதி, அதன் பின்னரே பறவைகளின் பெயரையும் தொகையையும் வரிசைப்படி எழுத வேண்டும் என்றார். இது எதற்கு? ஒருவர் ஒரு மணி நேரம் நடந்து இருபது காகங்களைக் கண்டதும், நால்வர் எட்டு மணி நேரம் நடந்து இருபது காகங்களைக் கண்டதும் ஒன்றல்ல. முயற்சியின் அளவு தெரியாதபோது தொகைக்குப் பொருளில்லை. முயற்சி தெரிந்துவிட்டால், இவ்வாண்டின் தொகையைச் சென்ற ஆண்டின் தொகையோடு, இந்த ஊரின் தொகையை அந்த ஊரின் தொகையோடு ஒப்பிடலாம். வங்கி எழுத்தராக இருந்தவர் அல்லவா, வரவை மட்டும் எழுதி முதலை எழுதாமல் விட அவருக்கு மனம் வரவில்லை போலும்!

பின்னாட்களில் விதிகள் இறுகின. 15 மைல் குறுக்களவுள்ள ஒரு வட்டம். அதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அந்த வட்டம் ஆண்டுதோறும் மாறாது. டிசம்பர் 14 முதல் சனவரி 5 வரையுள்ள நாட்களில் ஏதேனும் ஒரு நாள். வட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் குழுக்கள் எடுத்துக்கொள்ளும். அரிய பறவையை மட்டும் தேடிப் போகலாகாது. கண்ட எல்லாவற்றையும், தெருக்காகம் உட்பட, எண்ண வேண்டும். இன்று 2,000க்கும் மேற்பட்ட வட்டங்களில் பல்லாயிரவர் இதில் ஈடுபடுகின்றனர். பேராசிரியரும் வருகிறார், தச்சரும் வருகிறார், பாட்டியோடு பேரனும் வருகிறான்.

படியாதோர் எண்ணும் எண்ணை நம்பலாமா என்ற ஐயம் அன்றே எழுந்தது. ஐந்நூறு பறவைகள் ஒருசேர எழுந்து பறக்கையில் அவற்றை எவர் எண்ண வல்லார்? வழி உண்டு. கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்த அளவைக் கூட்டத்தின்மேல் அடுக்கடுக்காக வைத்துப் பார்ப்பர். நெற்குவியலைப் பார்த்தவுடன் இத்தனை மூட்டை என்று சொல்லும் நம் களத்து மேட்டுப் பெரியவர்களின் கலைதான் இது. பிழை வரும், ஆயின் ஏறக்குறைய அதே பிழை ஆண்டுதோறும் வரும். ஏற்றமா இறக்கமா என்று அறிய அது போதும். ஓர் ஊரின் பிழை மற்றோர் ஊரின் பிழையால் ஓரளவு சரிசெய்யப்படும். ஆய்வாளர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் நடந்தும் பெற முடியாத செய்தி, இத்தகைய பல்லாயிரம் குறிப்பேடுகளிலிருந்து கிடைத்தது.

என்ன கிடைத்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 2009ஆம் ஆண்டு நாற்பது ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, குளிர்காலத்தில் அமெரிக்காவில் காணப்படும் 305 இனங்களுள் ஏறத்தாழ அறுபது விழுக்காடு, தம் குளிர்கால இருப்பிடத்தை வடக்கு நோக்கி நகர்த்தியிருந்தன. வெப்பம் ஏறுவதைக் கருவிகள் சொன்னதைப் போலவே சிட்டுகளும் சொல்லியிருந்தன. அடுத்தது, 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கிறிஸ்து பிறப்புக் கணக்கு உள்ளிட்ட பலவகைக் கணக்குகளைக் கொண்டு நிகழ்ந்தது அது. 1970க்குப் பின் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்பது அதன் முடிவு. அழிந்தவற்றுள் பெரும்பகுதி அரியவையல்ல; வயல்வெளியில் எவரும் திரும்பிப் பாராத பொதுவான சிறு குருவிகள். தெருக்காகத்தையும் எண்ண வேண்டும் என்ற விதியின் அருமை, நூறு ஆண்டு கழித்து இங்ஙனம் விளங்கிற்று.

அந்நாட்டார்க்கு இது விளங்க ஒரு கசப்பான பாடமும் இருந்தது. வானத்தை மறைத்துப் பறந்த அவர்களது பயணப் புறாக் கூட்டங்களைக் கோடிக்கணக்கில் என்று மட்டுமே சொல்லி வந்தனர். எண்ணத் தேவையில்லாத அளவு மிகுதியாக இருந்ததால் எவரும் எண்ணவில்லை. 1914 செப்டம்பர் 1ஆம் நாள், சின்சினாட்டி நகர விலங்குக்காட்சிச் சாலையில் அவ்வினத்தின் கடைசிப் புறா இறந்தது. அன்று தொகை ஐயமின்றித் தெரிந்தது.

கிறிஸ்து பிறப்பிற்கும் பறவைக்கும் உறவு ஏற்படுத்தியவர் சாப்மன் முதல்வரல்லர் என்பதை நம் வாசகர்கள் இதற்குள் எண்ணியிருப்பர். 1223இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் குடில் அமைத்துப் பெருவிழா கொண்டாடிய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், பேரரசரைக் காணும் வாய்ப்புக் கிட்டினால் ஒன்று கேட்பேன் என்பாராம்: கிறிஸ்து பிறப்பு நாளில் வழிகளெங்கும் தானியம் இறைக்குமாறு ஆணையிட வேண்டும், வானம்பாடிகள் முதலிய பறவைகள் அன்று வயிறார உண்ண வேண்டும் என்று. செலானோ ஊர்த் தோமா எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இடம்பெற்றுள்ளது. வடக்கே நார்வே, சுவீடன் நாடுகளில், கிறிஸ்து பிறப்பன்று ஒரு கதிர்க்கட்டைக் கழியில் கட்டிப் பறவைகளுக்கென வீட்டின்முன் நிறுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. பேரரசர் ஆணையிட்டதாகத் தெரியவில்லை. உழவர்கள் ஆணைக்குக் காத்திருக்கவில்லை.

நம் நாட்டு உழவர்களும் காத்திருக்கவில்லை. இங்குத்தான் வேடந்தாங்கலைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்க வரலாற்றைப் படித்து நாணிய நமக்குத் தலைநிமிர ஓர் இடம் கிடைப்பதும் இங்குத்தான்.

செங்கற்பட்டு மாவட்டம், மதுராந்தகத்திற்கு அருகே, ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள ஒரு சிறிய ஏரி. பெயர் வேடந்தாங்கல், வேடர் தங்கும் இடம் என்று பொருள். வேடரின் பெயர் கொண்ட ஊரே வேட்டையை விலக்கிய ஊராயிற்று. ஏரிக்குள் நீர்க்கடம்ப மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம் என ஆயிரக்கணக்கில் வந்து அம்மரங்களில் கூடு கட்டும். கூழைக்கடாக்களும் வரும். அவற்றின் எச்சம் நீரில் கலக்கும். அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது தனியே எரு இட வேண்டாத அளவுக்குப் பயிர் செழிக்கும். இதை ஊரார் எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்கவில்லை. தம் வயலில் கண்டனர். பறவை இருந்தால் பயிர் உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அப்பகுதியில் இருந்த ஆங்கிலேயப் படையினர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் பொறுக்கவில்லை. கும்பினியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். மதுராந்தகம் ஏரி காத்த இராமர் கோயில் கதையில் வரும் அதே பிளேஸ்துரைதான் இவர். பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டென ஏற்று, அங்கே எவரும் வேட்டையாடலாகாது என அவர் கவுல் எழுதிக் கொடுத்தார். 1798ஐ ஒட்டிய நிகழ்ச்சி இது. பின்னர் 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அரசு முறையாகக் காப்பிடமென ஏற்றது. 2022இல் உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலில் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் சேர்ந்தன. சாப்மனின் அழைப்பிற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, எழுத்தறியாத உழவர்கள் ஆளும் இனத்தின் துப்பாக்கியை எதிர்த்து நின்று வென்றனர் என்பது சிறிய செய்தியன்று. அம்முறையீட்டை எடுத்துச் சென்றவர்களின் பெயர் எதுவும் வரலாற்று நூல்களில் நமக்குக் காணக் கிடைக்கவில்லை. துரையின் பெயர் கிடைக்கிறது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் 1977இல் பறவைக் காப்பிடம் அமைந்தது. அதனை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி ஊரார், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவ்வூர்க் குழந்தைகள் பண்டிகை நாளில் மத்தாப்போடு நிறைவடைவதை எண்ணும்போது, எங்கள் கோணிப்பையின் கனம் சற்றுக் கூடவே செய்கிறது.

ஆயினும் ஒன்றை மறைக்க இயலாது. காத்தவர்கள் நாம், எண்ணியவர்கள் அல்லோம். ஒரு நாரை தன் பேடையோடு வடக்கே திரும்பும் காலத்தை அறிந்து அதனிடம் தூது சொன்ன சத்திமுத்தப் புலவரின் மண் இது. பறவையை உற்று நோக்கும் கண் நம்மிடம் இல்லாமலில்லை. மா. கிருஷ்ணன், வேடந்தாங்கலைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், 1950 முதல் தாம் மறைந்த 1996 வரை கல்கத்தா நாளிதழ் ஒன்றில் இடைவிடாது இயற்கைப் பத்தி எழுதினார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். பேராசிரியர் க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளுக்கு ஊரார் வழங்கும் பெயர்களைத் தேடித் தொகுத்தார். இவர்கள் தனி ஆட்கள். ஓர் ஊரே ஒரு நாள் கூடி எண்ணுவது என்பது மிகப் பிந்தித்தான் வந்தது.

நீர்ப்பறவைகளுக்கான ஆசியக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. 2013இல் உலகெங்கும் பிப்ரவரியில் நடக்கும் வீட்டுக்கொல்லைப் பறவைக் கணக்கில் இந்தியரும் சேர்ந்தனர். பின்னர் 2015 சனவரியில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையின் நாட்களை இதற்கெனத் தேர்ந்து, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கினர். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று, கண்ட கேட்ட பறவைகள் அனைத்தையும் எண்ணி, நேரத்தோடும் இடத்தோடும் கணினி வழி அனுப்பினால் போதும். வீட்டு மாடியாயினும் சரி, கல்லறைத் தோட்டமாயினும் சரி. சாப்மன் கேட்ட அதே விவரங்கள்தாம். அவர் கிறிஸ்து பிறப்பைத் தேர்ந்ததற்கும் இவர்கள் பொங்கலைத் தேர்ந்ததற்கும் காரணம் ஒன்றே: அன்று ஊர் வீட்டில் இருக்கிறது.

இவ்வகைக் குறிப்புகளைத் திரட்டி 2020இலும் 2023இலும் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கைகள் வெளிவந்தன. பின்னதில் ஏறத்தாழ 30,000 பேர் அனுப்பிய மூன்று கோடிக் குறிப்புகள் கொண்டு 942 இனங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 178 இனங்கள் உடனடிக் கவனத்திற்குரியவை எனக் கண்டனர். முதல் அறிக்கையில் சிட்டுக்குருவியைப் பற்றி வந்த செய்தி பலருக்கு வியப்பளித்தது. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது, கைப்பேசிக் கோபுரமே காரணம் என்று மறைக்கல்வி வகுப்பு முதல் மேடைப்பேச்சு வரை நாம் அனைவரும் சொல்லி வந்தோம். நாம் எழுதிய கட்டுரை ஒன்றிலும் அவ்வாறு சொன்னோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பெருநகரங்களில் அது குறைந்தது உண்மை. நாடு முழுவதையும் நோக்கின், ஏறத்தாழ நிலையாக உள்ளது என்று கணக்குச் சொன்னது. கோபுரத்தின்மேல் சுமத்திய பழிக்கு உறுதியான சான்று கிட்டவில்லை. ஆண்டவர் திருவாயால் விலை சொல்லப்பட்ட அந்தச் சிறு குருவிக்கு ஆகாத காலம் வந்துவிட்டது என்று மேடைதோறும் உருகிய நாம், அதனை ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலை அடுத்த நாள், எங்கள் ஊரின் பங்கு இளைஞர்களும் சிறுவர்களுமாக இருபது பேரோடு அதே ஏரிக்கரைக்குப் போனோம். இரண்டு தொலைநோக்காடிகள், ஒன்று இரவல். இனம் அறிந்து சொல்ல நகரத்திலிருந்து வருவதாயிருந்த ஆர்வலர் வர இயலவில்லை. நமக்குத் தெரிந்த பறவைகளோ பத்துக்கு மேல் இல்லை. கரையில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது, மாட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். காற்றுத் துப்பாக்கி இருந்த வீட்டுக்காரர் அவர்.

கையேட்டைப் பார்க்காமலே அவர் சொல்லத் தொடங்கினார். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்ததைப் பறக்கும் விதத்தைக் கொண்டு சொன்னார். நெற்றியில் வெள்ளை இருப்பது நாமக்கோழி. அது நீரில் ஓடித்தான் எழும். தலையை முன்னும் பின்னும் ஆட்டி நடப்பது கானாங்கோழி. குரலைக் கேட்டவுடன், ஆள்காட்டி நம்மைக் கண்டுவிட்டது, இனி மற்றவை கிட்ட வாரா என்றார். கோரைக்குள் கண்ணுக்கே தெரியாமல் ஒடுங்கியிருந்த மடையானை ஒரு சிறுமிக்குக் காட்டிக் கொடுத்தார். சிறுவர்கள் வாய்பிளந்து நின்றனர். "தாத்தா, இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்று ஒருவன் கேட்டான். அவர் நம்மைப் பார்த்தார். நாம் ஏரியைப் பார்த்தோம்.

"சுடப் போறவனுக்குத் தெரியாம முடியுமாப்பா" என்றார்.

சாப்மனின் வரலாற்றில் நாம் விளங்கிக்கொள்ளாது விட்ட ஒரு பகுதி அப்போது விளங்கிற்று. அந்த இருபத்தேழு பேருள் எத்தனை பேர் முந்தைய ஆண்டுகளில் துப்பாக்கி ஏந்தியவர்களோ! பறவையை அறிந்தவர் பலர் அதைக் கொன்றே அறிந்தவர். அவர்களை விலக்கியிருந்தால் அந்நாட்டில் கணக்கு எடுக்க ஆளே கிடைத்திருக்குமா என்பது ஐயம். எங்கள் ஏரியைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. அறிந்தவர் அவர் ஒருவரே. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் துப்பாக்கி பரணுக்குப் போனது. அதனோடு அவர் கல்வியும் போயிற்று. அவர் மக்களுக்கு அதில் ஒரு பெயரும் தெரியாது.

இரண்டு மணி நேரத்தில் இருபத்துமூன்று இனங்களை எழுதினோம். பிற்பகலில் நிழலில் அமர்ந்து பட்டியலைப் படித்துக் காட்டியபோது, பெரியவர் குறுக்கிட்டார். அவர் காலத்தில் தை மாதம் இந்த ஏரியில் சிறவி வந்து இறங்கினால் நீர் தெரியாதாம். எழுந்தால் இரைச்சலில் பேசுவது கேட்காதாம். நாமும் அதைக் கண்டிருக்கிறோம். ஆயிரமா, ஐயாயிரமா? அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு சிற்றூரில் 1900ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் என்னென்ன பறவை எத்தனை இருந்தது என்று இன்றும் படித்தறியலாம். எங்கள் ஏரியில் நாமே கண்ணால் கண்டதற்கு ஓர் எழுத்தும் இல்லை. இருப்பது இரண்டு முதியவரின் நினைவு. அதிலும் ஒருவருக்குச் சட்டியின் நினைவே மிகுதி.

பட்டியல் எழுதிய சிறுமி ஏட்டை மூடப் போனாள். "சிறவியை எழுதலையே, கண்ணு" என்றார் பெரியவர்.

"அது வரலையே தாத்தா. பார்த்ததைத்தான் எழுதணும்னு சொன்னாங்க."

"வரலைன்னு எழுது."

அவள் நம்மைத் திரும்பிப் பார்த்தாள். கணினியில் அனுப்பும் பட்டியலில் அதற்கு இடமில்லை. காணாதது பட்டியலில் இல்லாததைக் கொண்டே அறியப்படும் என்பது விதி. ஏட்டில் எழுதலாம் என்று தலையசைத்தோம். இருபத்துமூன்றாவது வரிக்குக் கீழே அவள் சிறவி என்று எழுதி, எதிரே ஒரு சுழி இட்டாள். பெரியவர் எட்டிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் எனினும் சுழி அவருக்குத் தெரிந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு கரையிறங்கிப் போனார்.